‘ரெல்’ பட்டன்: மீட்டர் வயரின் ஓமைக் கழித்துவிட்டுக் காயிலை மட்டும் அளப்பது எப்படி

டிஜிட்டல் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடியுங்கள். பூஜ்யம் வர வேண்டும், வராது. 0.2 வரும், 0.3 வரும், வயர் பழசாகியிருந்தால் 0.5 கூட வரும். ரேடியோ, டிவி பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரில் 0.3 எந்த மூலைக்கு? மோட்டார் காயில் கட்டுகிற எங்களுக்கு அப்படி இல்லை. நாங்கள் அளக்கிற பொருளே ஒரு ஓம், மூன்று ஓம்தான். மூன்று ஓமில் 0.3 போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு.

நான் கோயமுத்தூர் ஜில்லா அன்னூரில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன், எரிந்த மோட்டாருக்குக் காயிலைப் புதிதாகக் கட்டும் கடை. காரமடை, புளியம்பட்டி, அவிநாசி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் வரும். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-லேயே மோட்டார் செய்த ஜில்லா இது. மோட்டாருக்கும் பஞ்சமில்லை, அது எரிவதற்கும் பஞ்சமில்லை. கடைக்கு வேலை பழக வரும் பையன்கள் எல்லோருக்கும் ஓம் பார்க்கத் தெரியும். ஆனால் மீட்டரின் ஓரத்தில் இருக்கும் ‘ரெல்’ (REL) பட்டனை யாரும் தொடுவதில்லை. சில மீட்டரில் அந்தப் பட்டனின் மேல் ஒரு சின்ன முக்கோணம் மட்டும் இருக்கும், சிலதில் ‘ஜீரோ’ என்றே போட்டிருப்பார்கள். வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்: அழுத்திய நேரத்தில் திரையில் என்ன எண் இருக்கிறதோ அதை மீட்டர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும், அதன்பின் வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். செம்புக் கம்பி வாங்கும்போது சுருள் கட்டையின் எடையைக் கழித்துவிட்டுத்தானே காசு கொடுக்கிறோம், அதே கணக்கு.

அந்த 0.3 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பட்டனைச் சரியாகப் பயன்படுத்த முடியும். புரோப் வயர், அதாவது மீட்டரோடு வரும் சிவப்பு, கறுப்பு வயர், அதற்குள் இருக்கும் செம்புக்கே கொஞ்சம் ஓம் உண்டு. மீட்டரில் செருகும் பின்னுக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவில் கொஞ்சம். முனை தொடுகிற இடத்தில் கொஞ்சம். இதில் முதலாவது மாறாது. பின்னால் சொன்ன இரண்டும் அழுக்கைப் பொறுத்து, அழுத்தத்தைப் பொறுத்து ஆடிக்கொண்டே இருக்கும். மாறாத ஒன்றைத்தான் கழிக்க முடியும். ஆடிக்கொண்டிருப்பதைக் கழித்தால் கணக்கும் ஆடும். அதனால் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் ஆடுகிற இரண்டையும் அடக்க வேண்டும். பாதி வேலை இதுதான்.

செய்முறைக்கு வருவோம். பின்னைச் சாக்கெட்டில் முழுவதும் தள்ளி, இரண்டு முறை திருகிவிடுங்கள்; உள்ளே இருக்கும் களிம்பு உரசிப் போய்விடும். ஊசி முனை புரோப்பை எடுத்து வைத்துவிட்டு, குரோக்கடைல் கிளிப் மாட்டிய வயரைப் போடுங்கள். கையால் அழுத்திப் பிடிக்கும் ஊசி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு சொல்லும். கிளிப் ஒரே மாதிரிக் கவ்வும். காயில் முனையில் எனாமல் இருந்தால் பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்து, செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும்.

அடுத்தது ரேஞ்ச், அதாவது மீட்டர் எத்தனை ஓம் வரை அளக்கும் என்கிற எல்லை. தானாக ரேஞ்ச் மாற்றும் மீட்டராக இருந்தால், ‘ரேஞ்ச்’ பட்டனை அழுத்திக் கீழ் ரேஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். 200, 400, 600 என்று மீட்டருக்கு மீட்டர் அது வேறுபடும். ‘ரெல்’ அழுத்தியதும் பல மீட்டர்கள் எந்த ரேஞ்சில் இருந்தனவோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெரிய ஓம் ஒன்றை அளந்தால் திரையில் ‘ஓ.எல்’ என்று வரும். காயில் அறுந்துவிட்டது என்று பையன்கள் பதறுவார்கள். அறுந்திருக்காது, ரேஞ்ச் பத்தியிருக்காது.

இப்போது இரண்டு கிளிப்பையும் சேர்த்துக் கவ்வ விடுங்கள். பல்லோடு பல் லேசாக மாட்டினால் போதாது. ஒரு துண்டு தடித்த செம்புக் கம்பியை நடுவில் வைத்து, இரண்டு கிளிப்பும் அதையே அக்கம்பக்கமாகக் கவ்வும்படி செய்தால் அளவு நிலையாக நிற்கும். கடைசி எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். நின்றதும் ‘ரெல்’. திரை 0.0 ஆகும், மூலையில் சின்னதாக ‘ரெல்’ அல்லது முக்கோணம் தெரியும். அந்தக் குறி தெரியாவிட்டால் பட்டன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்புறம் காயிலை அளந்துகொள்ளலாம். அளந்து முடித்ததும் கிளிப்பைப் பழையபடி செம்புத் துண்டில் கவ்வ வையுங்கள், திரும்பவும் 0.0 வர வேண்டும். 0.2 வந்தால் நடுவில் எங்கோ தொடர்பு கெட்டிருக்கிறது. மைனஸ் 0.1 வந்தாலும் சரியில்லை; முதலில் ஞாபகத்தில் வைத்தபோதே கிளிப் சரியாகக் கவ்வவில்லை, அதிகமாகக் கழிக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான், ஆரம்பத்திலிருந்து செய்யுங்கள்.

இந்தக் கழித்தல் சரியாக நடந்ததா என்று பார்க்க சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி. உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு காயில்; இரண்டும் ஒரு முனையில் சேருகிற இடம் காமன். மூன்று வயர் வெளியே வரும்: காமன், ரன்னிங், ஸ்டார்ட்டிங். காமனிலிருந்து ரன்னிங் ஒரு அளவு, காமனிலிருந்து ஸ்டார்ட்டிங் ஒரு அளவு, ரன்னிங்கிலிருந்து ஸ்டார்ட்டிங் ஒரு அளவு. மூன்றாவது, முதல் இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். இரண்டு காயிலும் வரிசையாகத்தானே இருக்கிறது.

ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரன்னிங் 3.1 ஓம், ஸ்டார்ட்டிங் 8.4 ஓம். புரோப் வயரின் ஓம் 0.4. ‘ரெல்’ அழுத்தாமல் அளந்தால் மீட்டர் 3.5 சொல்லும், 8.8 சொல்லும், மூன்றாவதுக்கு 11.9 சொல்லும். கூட்டிப் பாருங்கள்: 3.5-ம் 8.8-ம் 12.3. மீட்டர் காட்டியது 11.9. இடிக்கிற அந்த 0.4 எது? புரோப் வயர்தான். இரண்டு தடவை அளந்தபோது இரண்டு தடவை சேர்ந்தது, கடைசி அளவில் ஒரு தடவைதான் சேர்ந்தது. மிச்சம் ஒரு பங்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. ‘ரெல்’ பட்டனே இல்லாத மலிவு மீட்டர் வைத்திருப்பவர்களும் இந்த மூன்று எண்ணிலிருந்து தங்கள் புரோப் வயரின் ஓமைக் கண்டுபிடித்துவிடலாம். ‘ரெல்’ அழுத்தி அளந்தால் 3.1, 8.4, 11.5 என்று கச்சிதமாக உட்காரும். கடைசி எண்ணில் ஒன்று முன்னே பின்னே இருக்கலாம். அதற்குமேல் இடித்தால் திரும்ப அளக்க வேண்டியதுதான். மூன்று வயரில் எது எது என்று தெரியாத மோட்டாருக்கும் இதே அளவு உதவும்: அதிக ஓம் காட்டும் ஜோடியில் சேராத வயர்தான் காமன். மற்ற இரண்டில் காமனோடு குறைந்த ஓம் காட்டுவது ரன்னிங்.

த்ரீ பேஸில் வேறு மாதிரி. மூன்று ஜோடியும் ஒரே அளவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். புரோப் ஓம் மூன்றிலும் சமமாகச் சேருவதால் வித்தியாசம் மாறாதே, எதற்குக் கழிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. உண்மையில் 0.9, 0.9, 0.7 என்று இருக்கும் மோட்டாரில் ஒரு ஜோடி 22 சதவீதம் குறைவு. பிரிக்க வேண்டிய மோட்டார். அதையே 0.4 சேர்த்து 1.3, 1.3, 1.1 என்று படித்தால் குறைவு 15 சதவீதமாகிவிடும். வித்தியாசம் அதே 0.2 தான், ஆனால் அது எதில் 0.2 என்பதை வைத்துத்தானே முடிவு எடுக்கிறோம்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 0.1 வரைதான் காட்டும் மீட்டரில் ‘ரெல்’ அழுத்துவதால் அது 0.01 காட்டும் மீட்டர் ஆகிவிடாது. ஓம் ஒன்றுக்குக் கீழே போகும் பெரிய மோட்டார்களுக்கு நான்கு வயர் மீட்டர்தான் சரி. அதில் கரண்ட் போகும் வயர் ஜோடி தனி, வோல்ட் அளக்கும் வயர் ஜோடி தனி; அளக்கும் ஜோடியில் கரண்ட் ஏறக்குறைய போவதே இல்லை என்பதால் வயரின் ஓம் கணக்கிலேயே வராது. கழிக்க ஒன்றும் இருக்காது. விலை அதிகம், ஐந்து ஹெச்.பி.க்குக் கீழேயே வேலை பார்க்கிற கடைக்கு அவசியமில்லை.

போர்வெல் மோட்டார்தான் இந்தப் பக்கத்தில் பெரிய விஷயம். அதில் கழிக்க வேண்டியது புரோப் வயரை இல்லை, கேபிளை. 800 அடி போரில் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு பிளாட் கேபிள் இறக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்தக் கேபிள் 20 டிகிரி சூட்டில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 4.95 ஓம். 800 அடி என்பது 244 மீட்டர். போய்வர 488 மீட்டர். ஆக ஒரு ஜோடிக்கு 2.4 ஓம் கேபிளே தின்றுவிடும். நம் வெயிலில் கேபிள் 30 டிகிரியில் இருந்தால் இன்னும் 4 சதவீதம் கூடி 2.5 ஆகும். மேலே பேனல் போர்டில் நின்று அளந்தால் 5.0 காட்டுகிறது. அதில் பாதிதான் மோட்டார்!

இது தெரியாததால் ஒரு தோட்டத்தில் பேச்சு வந்தது. மோட்டாரைக் கட்டிக் கொடுத்தபோது பில்லில் 2.6 ஓம் என்று எழுதியிருந்தேன். இறக்கிய பிறகு அவர்களுடைய எலக்ட்ரீசியன் மேலே அளந்து 5.0 என்று சொல்லிவிட்டார். “ஏனுங்க தம்பி, சன்னக் கம்பி போட்டுக் கட்டிட்டீங்களா?” என்று பெரியவர் கடைக்கே வந்துவிட்டார். “இல்லீங்க ஐயா, அதுல பாதி கேபிளுங்க” என்று சொல்லி, மிச்சம் கிடந்த அதே கேபிளை அளந்து, அடிக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டியதும் “அப்படீங்களா” என்று டீ சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் கேபிளை மோட்டாரோடு ஜாயிண்ட் போடுவதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிடுங்கள். கேபிளின் ஒரு முனையில் மூன்று கம்பியையும் சுத்தமாகச் சுரண்டி, ஒன்றாக இறுக்கி முறுக்கிவிடுங்கள். மறு முனையில், புரோப்பை ‘ரெல்’ மூலம் கழித்த பிறகு, சிவப்பு–மஞ்சள், மஞ்சள்–நீலம், சிவப்பு–நீலம் மூன்றையும் அளந்து, பேனல் போர்டு கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்த எண் பேசும். மீட்டரை அணைத்தால் ‘ரெல்’ மறந்துபோகும், கதவு மறக்காது. பிறகு எப்போது மேலே அளந்தாலும் அதிலிருந்து கதவில் இருப்பதைக் கழித்தால் மிச்சம் காயில். இரண்டு ஜோடியில் மட்டும் ஓம் கூடியிருந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவான கம்பியில் ஜாயிண்ட் பழுதாகியிருக்கலாம். மோட்டாரை மேலே தூக்கிய பிறகு காயிலைப் பிரிக்குமுன் ஜாயிண்டைப் பாருங்கள். மேலே அளக்கும்போது மெயின் ஆஃப், ஃபியூஸ் கழற்றியாச்சு, ஸ்டார்ட்டரிலிருந்து கேபிள் முனையைக் கழற்றியாச்சு என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

காயில் எவ்வளவு சூடாகிறது என்று ஓமை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்குக் கழித்தல் இன்னும் முக்கியம். செம்புக்கு 235 என்று ஒரு எண் உண்டு. சூடான ஓமைக் குளிர்ந்த ஓமால் வகுத்து, அதைக் குளிர்ந்த சூட்டோடு 235 கூட்டியதால் பெருக்கி, வந்ததில் 235 கழித்தால் காயிலின் சூடு. 30 டிகிரியில் 2.0 ஓம், ஓடி நிறுத்தியவுடன் 2.4 ஓம் என்றால் 83 டிகிரி. புரோப்பின் 0.3-ஐக் கழிக்காமல் 2.3, 2.7 என்று போட்டால் 76 டிகிரிதான் வரும். ஏழு டிகிரி சூட்டை மீட்டர் வயர் ஒளித்து வைத்துவிட்டது.

கண்டென்சருக்கு எல்லாமே தலைகீழ். ஃபாரட் ரேஞ்சில் முனைகளைச் சேர்க்கக் கூடாது. பிரித்து வைத்துக்கொண்டுதான் ‘ரெல்’ அழுத்த வேண்டும். இரண்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு சின்ன அளவு எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் கழிக்கிறோம். 36 மைக்ரோ ஃபாரட் மோட்டார் கண்டென்சருக்கு இது தேவையே இல்லை, போர்டு ரிப்பேர் செய்கிறவர்களின் குட்டிக் கண்டென்சருக்குத்தான் தேவை. மோட்டார் கண்டென்சரை மீட்டரில் வைக்குமுன் அதிலிருக்கும் சார்ஜை ஒரு ரெசிஸ்டரோ பழைய குண்டு பல்போ வைத்து இறக்கிவிடுங்கள்.

சோலார் பம்பு வந்த பிறகு டிசி கிளாம்ப் மீட்டரும் கைக்கு வந்துவிட்டது; கம்பியை வாயால் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர் அது. கம்பியே இல்லாமல் வாயை மூடினாலும் அது 0.3, 0.5 ஆம்பியர் என்று ஏதாவது காட்டும். இரும்பு வாயில் தங்கிய காந்தமும், பூமியின் காந்தமும் சேர்ந்து செய்யும் வேலை. அளக்கப் போகிற இடத்திலேயே, எந்தத் திசையில் பிடிக்கப் போகிறோமோ அதே திசையில், வாயை முழுவதும் மூடி ‘ஜீரோ’ அழுத்திவிட்டு அளக்க வேண்டும். மேஜையில் வைத்து அழுத்திவிட்டுப் பேனலுக்கு நடந்து போனால் எண் மாறிவிடும். ஏசி கிளாம்ப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இனி பயப்பட வேண்டிய இடம். வோல்ட் ரேஞ்சிலும் ‘ரெல்’ வேலை செய்யும். லைனில் 230 இருக்கும்போது தெரியாமல் பட்டனில் விரல் பட்டுவிட்டால் திரையில் 0 வரும். லைனில் கரண்ட் அப்படியே இருக்கிறது. மீட்டர் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. மூலையில் இருக்கும் சின்னக் குறியைக் கவனிக்காதவர் நேராகக் கையை வைப்பார். ஸ்டார்ட் ஆகும்போது வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ‘ரெல்’ வசதிதான் என்று சிலர் சொல்வார்கள், 415-ஐ ஞாபகத்தில் வைத்துவிட்டு மைனஸ் 25 என்று படிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இறங்குவதைப் பார்க்க, குறைந்த அளவையும் அதிக அளவையும் பிடித்து வைக்கும் ‘மின்–மேக்ஸ்’ (MIN MAX) பட்டன் இருக்கிறது. எங்கள் கடையில் ஓம் அளந்து முடித்ததும் மீட்டரின் குமிழை ஆஃபுக்குத் திருப்பிவிட வேண்டும்; வோல்ட் பார்க்கும்போது ஆஃபிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், கரண்ட் இருக்கும் தெரிந்த பிளக்கில் ஒருமுறை வைத்து 230 வருகிறதா என்று பார்த்த பிறகே பேனலுக்குப் போக வேண்டும்.

‘ரெல்’ கழிக்கும், அவ்வளவுதான். கெட்ட மீட்டரை நல்ல மீட்டர் ஆக்காது. எல்லா அளவிலும் ஒரே 0.3 கூடினால் கழித்துவிடலாம். பத்து ஓமை 10.3 என்றும் நூறு ஓமை 103 என்றும் காட்டுகிற மீட்டரின் தப்பு, அளவோடு சேர்ந்து வளர்கிறது. அதை எந்தக் கழித்தலும் பிடிக்காது. சோதிக்க, ஒரு சதவீதத் துல்லியமுள்ள 10 ஓம், 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி மீட்டர் பையிலேயே போட்டுவையுங்கள்; சில ரூபாய்தான். ‘ரெல்’ அழுத்திய பிறகு 9.9-லிருந்து 10.1-க்குள், 99-லிருந்து 101-க்குள் வந்தால் நம் வேலைக்குப் போதும். அதற்குமேல் ஓடினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் காலிப்ரேஷனுக்குக் கோயமுத்தூரில் அங்கீகாரம் பெற்ற லேப்களிலேயே கொடுக்கலாம். மலிவு மீட்டருக்கு அந்தச் செலவு கட்டாது, புதிதாக வாங்கிவிடலாம்.

வாங்கப் போகும்போது கோயமுத்தூர் காட்டூர்க் கடையிலேயே டப்பாவைப் பிரிக்கச் சொல்லி, கூட வந்த வயரைச் செருகி, முனைகளைச் சேர்த்து ‘ரெல்’ அழுத்துங்கள். பிரித்துச் சேர்த்துப் பாருங்கள், பின்னை ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 0.0 வருகிற மீட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். 0.0, 0.3, மைனஸ் 0.2 என்று குதித்தால் வயரை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்; பெரும்பாலும் குற்றம் மீட்டரில் இருக்காது, கூட வந்த வயரில் இருக்கும்.